மஞ்சள் விழுந்தால் நிற்பதா, போவதா?

புது_உரிமம் எழுதியது:

கார் ஓட்டும் உரிமம் வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. சிவப்பிலும் பச்சையிலும் எனக்குச் சிக்கல் இல்லை. மஞ்சள்தான் படுத்துகிறது. மஞ்சள் விழுந்ததும் பிரேக்கை அழுத்தினால் பின்னால் வருபவர் ஹாரனை அலறவிடுகிறார். அழுத்தாமல் போனால், பக்கத்தில் அமர்ந்திருக்கும் அப்பா முறைக்கிறார். பயிற்சிப் புத்தகத்தில் ‘மஞ்சள் – தயாராக இரு’ என்று ஒரே வரிதான் இருக்கிறது. எதற்குத் தயாராவது என்று அதில் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: எந்த இடம்வரை நிற்க வேண்டும், எந்த இடத்துக்குப் பிறகு போகலாம்?

நிதானன் எழுதியது:

நிற்க வேண்டும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

நேர்கோடு எழுதியது:

நிதானன் ஐயா, கோட்டுக்கு ஐந்து மீட்டர் தொலைவில் மஞ்சள் விழுந்தால் நீங்கள் எப்படி நிற்பீர்கள்? நின்றாலும் வண்டி சந்திப்பின் நடுவில் அல்லவா நிற்கும்? மஞ்சள் என்பது கடந்து முடிப்பதற்காகக் கொடுக்கப்படும் நேரம். சிவப்பு விழுவதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டால் போதும்.

சந்திப்புப்_பொறியாளன் எழுதியது:

சிக்னல் நேரங்களைக் கணக்கிட்டு அமைப்பது என் தொழில். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேர்கோடு சொல்வது எல்லா நாட்டிலும் தவறு அல்ல. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மஞ்சள் எரியும் நேரம் முழுவதும் சந்திப்புக்குள் நுழையலாம். சிவப்பில் நுழைந்தால்தான் குற்றம். ஆனால் சாலைக் குறிகளுக்கான 1968ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்கிறது. அதன்படி மஞ்சளில் நிறுத்தக்கோட்டைத் தாண்டக் கூடாது. பாதுகாப்பாக நிறுத்த முடியாத அளவுக்குக் கோட்டை நெருங்கிவிட்டவருக்கு மட்டுமே விலக்கு உண்டு. நிதானன் சொன்னது விதி என்றால், நேர்கோடு கேட்டது அந்த விதியின் விலக்கு.

இப்போது கணக்கு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் போகும். விளக்கைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு வினாடி கழிந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு, பயணிகள் முன்னால் சாயாத அளவு மிதமாகப் பிரேக் பிடித்தால் நிற்பதற்கு இன்னும் 32 மீட்டர் வேண்டும். மொத்தம் 46 மீட்டர். மஞ்சள் 3 வினாடி எரிகிறது என்றால், அதே வேகத்தில் போகும் கார் அதற்குள் 42 மீட்டர்தான் கடக்கும். ஆக, கோட்டுக்கு 44 மீட்டர் தொலைவில் மஞ்சளைக் கண்டவரால் நிதானமாக நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன்னால் கோட்டைத் தொடவும் முடியாது. அவர் ஒரு தவறும் செய்யவில்லை. அந்த இடத்தில் இருந்ததுதான் அவருடைய குற்றம்! இந்தச் சிக்கலை ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த கேசிஸ், ஹெர்மன், மரடுடின் ஆகிய மூவர் 1960இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எங்கள் துறையில் அந்த இடைவெளியைத் தடுமாற்றப் பகுதி என்போம்.

வேகம் 60 ஆனால் இந்தப் பகுதி 4 மீட்டரிலிருந்து 13 மீட்டராக நீண்டுவிடுகிறது. அதைப் போக்க மஞ்சளை நாங்கள் 3.8 வினாடியாக நீட்ட வேண்டும். அமெரிக்க வழிகாட்டு நூலில் மஞ்சளுக்கு 3 முதல் 6 வினாடி வரை இடம் கொடுத்திருப்பது இதனால்தான்.

புது_உரிமம் கவனிக்க வேண்டியது இது: அதே 3 வினாடி மஞ்சளுக்கு நீங்கள் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வந்தால் நிற்பதற்கு 27 மீட்டர் போதும். 3 வினாடியில் 30 மீட்டர் கடக்க முடியும். தடுமாற்றப் பகுதியே இல்லை. எங்கே மஞ்சள் விழுந்தாலும் இரண்டில் ஒன்று உறுதியாக முடியும். ஆகவே முடிவு எடுக்க வேண்டியது மஞ்சள் விழுந்த பிறகு அல்ல. நெடுநேரமாகப் பச்சையாகவே இருக்கும் விளக்கை நோக்கிப் போகும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள், கண்ணாடியில் பின்னால் ஒரு பார்வை பாருங்கள். பின்னால் வருபவர் ஒட்டிக்கொண்டு வருகிறார் என்றால் அப்போதே தெரிந்துவிடும்.

நிதானன் எழுதியது:

சரி, விலக்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடைமுறையில் விலக்கைத்தான் எல்லோரும் விதியாக்கிக்கொள்கிறார்கள். 60 மீட்டர் தொலைவில் மஞ்சளைக் கண்டதும் வேகத்தைக் கூட்டுபவருக்கு உங்கள் கணக்கில் என்ன பெயர்?

சந்திப்புப்_பொறியாளன் எழுதியது:

கணக்கில் பெயர் இல்லை, சட்டத்தில் உண்டு :) நிற்க முடிந்த தொலைவில் இருப்பவர் மஞ்சளில் கோட்டைத் தாண்டுவதை வியன்னா ஒப்பந்தம் அனுமதிக்கவில்லை. கூட்டிவிட்ட பிறகு நிற்கத் தேவைப்படும் தூரமும் கூடிவிடுகிறது. குறுக்கே யாராவது வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இரட்டைச்சக்கரம் எழுதியது:

பொறியாளர் ஐயாவின் கணக்கு அருமை. ஆனால் அதில் வண்டி என்றால் கார் மட்டும்தான். நான் தினமும் வேலைக்குச் சைக்கிளில் போகிறவள். மஞ்சள் விழும் நேரத்தில் கோட்டுக்கு அருகில் இருந்துவிட்டால், சந்திப்பின் பாதியில் இருக்கும்போதே குறுக்குச் சாலைக்குப் பச்சை விழுந்துவிடுகிறது. சிவப்பைத் தாண்டி வந்தவளைப் போல எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்கும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

சந்திப்புப்_பொறியாளன் எழுதியது:

நியாயமான கேள்வி. மணிக்கு 18 கி.மீ. வேகம் என்று கொள்வோம், அதாவது வினாடிக்கு 5 மீட்டர். கண்டு உணர ஒரு வினாடி, அதில் 5 மீட்டர். மிதமாகப் பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 5 மீட்டர். ஆக, கோட்டுக்கு 10 மீட்டருக்குள் வந்துவிட்ட சைக்கிளால் நிதானமாக நிற்க முடியாது. அது கடக்கத்தான் வேண்டும். சந்திப்பின் அகலம் 25 மீட்டர் என்றால் மொத்தம் 35 மீட்டர், 7 வினாடி ஆகும்.

மஞ்சள் 3 வினாடி. அதன்பின் எல்லாத் திசைக்கும் சிவப்பு எரியும் இடைவெளி, தாராளமாகவே 2 வினாடி. மொத்தம் 5. மீதி 2 வினாடியும், அதாவது கடைசி 10 மீட்டரும், நீங்கள் பச்சை பெற்ற கார்களுக்கு முன்னால் இருக்கிறீர்கள். விதியை ஒரு துளியும் மீறாமலே இது நடக்கிறது. காருக்கு இந்தத் தொல்லை இல்லை, அதே 25 மீட்டரை அது 2 வினாடிக்குள் தாண்டிவிடும்.

என் தொழிலைச் சேர்ந்தவர்கள் மேல்தான் குறை. பல இடங்களில் நேரங்கள் காரின் வேகத்துக்கே அமைக்கப்பட்டிருக்கின்றன. சைக்கிளுக்குத் தனி விளக்கு வைத்து அதற்கு முன்னதாகவே சிவப்பு கொடுக்கலாம், அல்லது எல்லாச் சிவப்பு இடைவெளியை நீட்டலாம். நீட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் எல்லாருக்கும் காத்திருப்பு கூடும். அந்த இரண்டு வினாடிக்காக எங்கள் கூட்டங்களில் நடக்கும் சண்டையை நீங்கள் பார்க்க வேண்டும்!

அதுவரைக்கும்: அகலமான சந்திப்பை நெருங்கும்போது பச்சை பழையதா புதியதா என்று பாருங்கள். நீங்கள் தொலைவில் வரும்போதே எரிந்துகொண்டிருந்த பச்சை என்றால், மிதிப்பதை நிறுத்திப் பிரேக்கில் விரல் வைத்துக்கொண்டு வாருங்கள். மழை நாளில், ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் இன்னும் முன்னதாகவே. நனைந்த ரிம் முதல் சில சுற்றுகளுக்குச் சரியாகப் பிடிக்காது.

நேர்கோடு எழுதியது:

இதெல்லாம் சரி. நான் பார்க்கும் சைக்கிள்காரர்களில் பலர் சிவப்பையே மதிப்பதில்லை. அவர்களுக்குப் போய் மஞ்சளில் இரண்டு வினாடி பற்றாக்குறை என்று கண்ணீர் விடுகிறோம். கார்க்காரன் தாண்டினால் கேமரா படம் பிடிக்கிறது. சைக்கிளுக்கு எண் பலகையே கிடையாது.

இரட்டைச்சக்கரம் எழுதியது:

> நேர்கோடு: சிவப்பையே மதிப்பதில்லை

சிலர் மதிப்பதில்லை. அவர்களுக்காக நான் வாதாடப்போவதில்லை. குறிப்பாக, பாதசாரிகள் கடந்துகொண்டிருக்கும்போது அவர்களுக்கு நடுவே நுழைந்து போகிறவர்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

ஆனால் சைக்கிளுக்குச் சிவப்பு என்றால் எங்கும் ஒரே பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1982 முதல், ‘நில்’ பலகையைச் சைக்கிள்காரர்கள் ‘வழிவிடு’ பலகையாகக் கொள்ளலாம். சிவப்பு விளக்கில் நின்று, வழி இருந்தால் கடக்கவும் அங்கே சட்டம் இடம் தருகிறது. டெலவேர் 2017இல் பலகைக்கு மட்டும் இதை ஏற்றுக்கொண்டது, விளக்குக்கு ஏற்கவில்லை. பாரிஸில் பல சந்திப்புகளில் விளக்குக்குக் கீழே சிறிய முக்கோணப் பலகை இருக்கும். அதில் அம்புக்குறி காட்டும் திசையில் சைக்கிள் மட்டும் சிவப்பிலும் போகலாம். ஆனால் பாதசாரிக்கும் குறுக்கே வரும் வண்டிக்கும் வழிவிட்ட பிறகுதான். நெதர்லாந்திலும் வலப்பக்கம் திரும்பும் சைக்கிளுக்கு இப்படிப் பலகை வைத்திருக்கிறார்கள்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? சைக்கிளில் இருப்பவருக்கு முன்னால் பானெட் கிடையாது, கூரை கிடையாது, காது திறந்திருக்கிறது. கோட்டிலிருந்தே குறுக்குச் சாலை முழுவதும் தெரியும். மோதினால் அடிபடப்போவதும் பெரும்பாலும் அவரே. நான் அந்த விதிகளை ஆதரிக்கிறேன். ஆனால் அந்த விதி இல்லாத ஊரில் நானாகவே அதை எழுதிக்கொள்ள மாட்டேன். குறுக்கே வருபவர் நான் நிற்பேன் என்று நம்பித்தான் வருகிறார். அவருக்குத் தெரியாத ஒரு விதியை நான் மட்டும் கடைப்பிடித்து என்ன பயன்?

எனக்கும் ஒரு குறை இருக்கிறது, பொறியாளர் ஐயா. நான் போகும் வழியில் ஒரு விளக்கு அதிகாலையில் எனக்குப் பச்சையே காட்டாது. பின்னால் ஒரு கார் வந்து நின்றால்தான் மாறும். அங்கே நேர்கோடு அவர்கள் என்ன செய்வார் என்று அறிய ஆசை.

நேர்கோடு எழுதியது:

இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை. தள்ளிக்கொண்டு போகிறவர் பாதசாரிதானே, பாதசாரி விளக்கின் பொத்தானை அழுத்தலாமே?

இரட்டைச்சக்கரம் எழுதியது:

இது நல்ல யோசனைதான். ஒத்துக்கொள்கிறேன்.

சந்திப்புப்_பொறியாளன் எழுதியது:

அதற்கு முன் இன்னொன்றும் முயன்று பாருங்கள். நிறுத்தக்கோட்டுக்குச் சற்று முன்னால் சாலையில் செவ்வகமாகவோ வட்டமாகவோ தாரால் அடைத்த கீறல் தெரிகிறதா? அதற்குள் கம்பிச்சுருள் இருக்கிறது. எடையை அறியும் கருவி என்று பலர் நினைத்து அதன்மேல் குதிக்கிறார்கள். எடைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. சுருளில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். மேலே மின்சாரம் கடத்தும் உலோகம் வந்தால் சுருளின் தூண்டம், அதாவது மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்க்கும் தன்மை, குறையும். அதை வைத்து வண்டி வந்திருப்பதை அறிந்துகொள்ளும். காரின் அடித்தட்டு அகலமானது, எங்கே நின்றாலும் தெரிந்துவிடும். சைக்கிள் சுருளின் நடுவில் நின்றால் பெரும்பாலும் தெரியாது. இரண்டு சக்கரமும் செவ்வகத்தின் நீளவாட்டுக் கீறலுக்கு நேர்மேலே இருக்கும்படி நில்லுங்கள். அலுமினிய ரிம்மே போதும், இரும்பு வேண்டியதில்லை. வண்டியைச் சற்றுச் சாய்த்தால் இன்னும் நல்லது. ரிம்மும் கார்பன் என்றால் சிரமம். காந்தத்தை ஒட்டிக்கொண்டால் மாறும் என்பது வெறும் கதை.

அப்படியும் மாறவில்லை என்றால் விளக்கைப் பராமரிப்பவர்களுக்கு எழுதுங்கள். சுருளின் உணர்திறனைக் கூட்ட முடியும். யாரும் எழுதாததால்தான் பல சுருள்கள் அப்படியே கிடக்கின்றன.

லாரிக்காரர் எழுதியது:

எல்லோரும் மஞ்சளையும் சிவப்பையும் பேசுகிறீர்கள். நான் ஓட்டிய காலம் முழுவதும் என்னைப் பயமுறுத்தியது பச்சைதான்.

சிவப்பில் நான் நின்றுகொண்டிருப்பேன். ஓரமாக இருக்கும் இடைவெளியில் ஒரு சைக்கிள் மெல்ல முன்னால் வந்து என் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கும். என் இருக்கை உயரத்தில் இருப்பதால், கதவுக்குக் கீழே ஒட்டி நிற்கும் ஆள் எனக்குத் தெரியவே மாட்டார். பச்சை விழும். நான் ஓரப்பக்கம் திரும்ப வேண்டும். அவர் நேராகப் போக வேண்டும். நீண்ட வண்டியின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். திரும்புவதற்கு முன் நான் எதிர்ப்பக்கம் கொஞ்சம் ஒதுங்குவேன், இடம் பெறுவதற்காக. அதைப் பார்த்த சைக்கிள்காரர் ‘லாரி வழி விடுகிறது’ என்று நினைத்து இன்னும் உள்ளே வருவார். அந்த இடத்தில்தான் எல்லாம் முடிந்துபோகும்.

அதனால் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சிவப்பில் லாரி நின்றால் அதன் ஓரத்தில் நுழையாதீர்கள். பின்னாலேயே நில்லுங்கள். அல்லது முன்னால் சைக்கிளுக்கென்று வண்ணமடித்த கட்டம் இருந்து, பச்சை விழுவதற்குள் அங்கே போய்ச் சேர முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால், நன்றாக முன்னால் போய் ஓட்டுநரின் கண்ணில் படும்படி நில்லுங்கள். இண்டிகேட்டர் எரியவில்லை என்பதை நம்ப வேண்டாம். சில பேர் பச்சை விழுந்த பிறகுதான் போடுகிறார்கள். அது ஓட்டுநரின் தவறுதான், ஆனால் அடிபடுவது நீங்கள்.

கார் ஓட்டுபவர்களே, அந்தக் கட்டத்தின்மேல் ஏறி நிற்காதீர்கள். அதை விட்டு நின்றால் உங்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

இரட்டைச்சக்கரம் எழுதியது:

லாரிக்கார அண்ணா, இதை எல்லாப் பள்ளியிலும் படித்துக் காட்ட வேண்டும். ஒரு கேள்வி: எதிர்வரும் போக்குவரத்தைக் கடந்து திரும்ப வேண்டுமென்றால் சாலை நடுவுக்குப் போய் நிற்பது நல்லதா?

லாரிக்காரர் எழுதியது:

பெரிய சாலையில் வேண்டாம் அம்மா. நேராகக் கடந்து எதிர் மூலைக்குப் போய், அங்கே வண்டியைத் திருப்பி நிறுத்தி, அந்தப் பக்கத்துக்குப் பச்சை விழுந்ததும் போவது மேல். ஒரு விளக்கு கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சந்திப்புப்_பொறியாளன் எழுதியது:

டென்மார்க்கில் சைக்கிள்காரர்கள் அப்படித்தான் திரும்ப வேண்டும் என்பதே சட்டம். ஜப்பானிலும் அப்படியே.

பச்சையைப் பற்றி இன்னொன்று. வியன்னா ஒப்பந்தத்தில் பலர் கவனிக்காத வரி ஒன்று இருக்கிறது. எதிரே நெரிசலாக இருந்து, நுழைந்தால் அடுத்த மாற்றத்துக்குள் சந்திப்பை விட்டு வெளியேற முடியாது என்று தோன்றினால், பச்சை எரிந்தாலும் நுழையக் கூடாது. நடுவில் மாட்டிக்கொள்ளும் ஒரு கார் இரண்டு சாலைகளின் பச்சையையும் வீணாக்குகிறது. பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

நடைராஜா எழுதியது:

இவ்வளவு நேரம் ஓட்டுபவர்களே பேசிவிட்டீர்கள். எனக்கு வண்டி இல்லை, நடக்கிறேன். எனக்கும் பச்சை, திரும்பும் காருக்கும் பச்சை. இரண்டும் ஒரே நேரத்தில் விழுகின்றன. விதிப்படி திரும்புபவர்தான் எனக்கு வழிவிட வேண்டும். ஆனால் திரும்புபவர் எதிரே வரும் வண்டிகளில் இடைவெளி கிடைக்குமா என்று அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கிடைத்த நொடியில் சக்கரத்தை வளைத்துப் பாய்கிறார். நான் இருக்கும் பக்கம் அவர் திரும்பியே பார்ப்பதில்லை.

கோட்டைத் தாண்டி வரிக்குதிரைக் கட்டத்தின்மேல் நிற்கும் வண்டிகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடிக்க மாட்டேன். பார்வையற்ற என் நண்பர் கட்டத்தின் விளிம்பைக் கோலால் தடவித்தான் கடக்கிறார். நடுவில் ஒரு பம்பர் தட்டுப்பட்டால் அவர் எந்தப் பக்கம் விலகுவார்? இன்னொரு வரிசை வண்டிகளுக்குள்.

சந்திப்புப்_பொறியாளன் எழுதியது:

திரும்பும் வண்டிக்குச் சில இடங்களில் தீர்வு இருக்கிறது. பாதசாரிக்கு மட்டும் 3 முதல் 7 வினாடி முன்னதாகப் பச்சை கொடுப்பது. திரும்பும் வண்டி அசைவதற்குள் அவர் கட்டத்தின் நடுவுக்கு வந்துவிடுவார், கண்ணில் படாமல் இருக்க முடியாது. சிக்னலைக் கட்டுப்படுத்தும் பெட்டியில் அமைப்பை மாற்றினாலே பெரும்பாலும் போதும்.

புது_உரிமம் எழுதியது:

மஞ்சளைக் கேட்டேன், மூன்று நிறமும் கிடைத்துவிட்டது! எல்லோருக்கும் நன்றி. இன்னும் மூன்று ஐயங்கள். விளக்கு முழுவதும் அணைந்திருந்தால் யாருக்கு முன்னுரிமை? மஞ்சள் மட்டும் விட்டுவிட்டு எரிந்தால்? சிவப்பில் முதல் ஆளாக நிற்கும்போது பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால்?

நிதானன் எழுதியது:

விட்டுவிட்டு எரியும் மஞ்சளில் போகலாம், மிகுந்த கவனத்தோடு. நிற்க வேண்டும் என்று நான் சொல்லாத ஒரே விளக்கு அதுதான்.

சந்திப்புப்_பொறியாளன் எழுதியது:

அணைந்த விளக்குக்கு நாட்டுக்கு நாடு விதி மாறும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் நாலு பக்கமும் ‘நில்’ பலகை இருப்பதாகக் கொள்ள வேண்டும். ஜெர்மனியில் விளக்குக் கம்பத்திலேயே முன்னுரிமைப் பலகை இருக்கும்; விளக்கு அணைந்ததும் அது உயிர் பெறும். காவலர் ஒருவர் நின்று கை காட்டினால் எந்த நாட்டிலும் அவர் கைதான் விளக்குக்கும் மேல். உங்கள் ஊர் விதி எதுவானாலும், அணைந்த விளக்கில் வேகத்தைக் குறைக்காமல் போகாதீர்கள். மிகவும் ஆபத்தானது, ஒரு பக்கம் மட்டும் அணைந்திருப்பது. உங்களுக்கு இருட்டாக இருக்கும். குறுக்குச் சாலைக்காரருக்குப் பச்சை எரிந்துகொண்டிருக்கும், அவர் முழு வேகத்தில் வருவார்.

லாரிக்காரர் எழுதியது:

ஆம்புலன்ஸ் விஷயம் நான் சொல்கிறேன் தம்பி. பதறிப்போய்ச் சிவப்பைத் தாண்டிச் சந்திப்புக்குள் பாயக் கூடாது. குறுக்கே வருபவருக்கு நீங்கள் ஏன் வருகிறீர்கள் என்று தெரியாது. கோட்டுக்குள்ளேயே ஓரமாக எவ்வளவு ஒதுங்க முடியுமோ ஒதுங்குங்கள். இதற்காகத்தான் முன்னால் இருக்கும் வண்டியை ஒட்டி நிற்கக் கூடாது என்பார்கள். அதன் பின்சக்கரம் சாலையைத் தொடும் இடம் உங்களுக்குத் தெரிய வேண்டும், அப்போதுதான் வளைத்து வெளியே வர இடம் இருக்கும். ஒதுங்க இடமே இல்லையென்றால் அப்படியே நில்லுங்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எதிர்ப்பக்கத்தில் வழி பார்த்துக்கொள்வார், அது அவர் பயிற்சியில் இருக்கிறது. பிரிட்டனில், வழிவிடத்தான் சிவப்பைத் தாண்டினேன் என்று சொன்னாலும் அபராதத்திலிருந்து தானாக விலக்குக் கிடைத்துவிடாது.

நேர்கோடு எழுதியது:

கடைசியாக ஒன்று, பொறியாளர் ஐயா. வினாடி எண்ணிக்கை காட்டும் விளக்கு வந்த பிறகு மஞ்சள் பிரச்சினையே இல்லையே? எல்லா இடத்திலும் அதையே வைத்துவிடலாமே.

சந்திப்புப்_பொறியாளன் எழுதியது:

பாதசாரிக்கு வைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. கடக்க நேரம் போதுமா என்று அவர் பார்த்துக்கொள்ளலாம். ஓட்டுநருக்கு வைப்பதில்தான் தயக்கம். பச்சையில் ‘4’ என்று கண்டவர்களில் ஒரு பாதி பிரேக் பிடிக்கிறது, மறு பாதி வேகம் கூட்டுகிறது. முன்னால் இருப்பவர் முதல் பாதி, பின்னால் இருப்பவர் மறு பாதி என்றால் என்ன ஆகும்? சிவப்பில் ‘2’ என்று கண்டதும் வண்டிகள் நகர ஆரம்பித்துவிடுகின்றன. இரட்டைச்சக்கரம் கேட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: அவர் இன்னும் சந்திப்புக்குள் இருக்கும் நேரம் அது. வண்டிகளின் வரத்துக்கேற்ப நீளும் சிக்னலில் எண்ணிக்கை காட்டவும் முடியாது. அடுத்த வண்டி வந்தால் பச்சையை நீட்டும் பெட்டிக்கே, எத்தனை வினாடி மிச்சம் என்று தெரியாது.

இரட்டைச்சக்கரம் எழுதியது:

அந்த அதிகாலை விளக்கில் கீறலின்மேல் நின்று பார்த்தேன். மாறிவிட்டது. பக்கத்துச் சாலையில் இருக்கும் இன்னொன்று மாறவில்லை, அதற்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.